திண்டிவனம் வரை பதினேழு வீடுகள்

மார்கழி இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு. ஏகாம்பரமாகிய நான். என் மனைவி கோவிந்தம்மாள். என் தங்கை பரிமளா, வயது அறுபத்தொன்று, பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகன் தினகரன், ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பங்காளி வேதகிரி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து செங்கேணி, ஜல்லி லாரி ஓட்டுகிறவர். தன் மகள் ஸ்வேதா மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததற்கு எங்கள் பரிமளாதான் காரணம் என்று நன்றியோடு வந்திருந்தார். பரிமளாவின் கியர் சைக்கிளும் கூடத்தில் நின்றது. அது என்னைக் கேட்டு உள்ளே வரவில்லை.

வேறு யாரும் இல்லை. அன்றைக்கு நானும் இருந்தேன் என்று இப்போது பத்துப் பேர் சொல்லிக்கொண்டு திரிவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கூடிய காரணம் இது. மாசி மாதம் பரிமளாவின் வலது முட்டியை மாற்றப் போகிறார்கள். டாக்டர் தேதி குறித்துவிட்டார். அதன் பிறகு நெடுந்தூரம் மிதிக்கக் கூடாதாம். அதற்கு முன் ஒரே ஒரு முறை, இந்த ஊரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போக வேண்டும் என்றாள். அறுநூற்று எண்பது கிலோமீட்டர். காணும் பொங்கலுக்கு மறுநாள் கிளம்ப வேண்டும். பாதுகாப்பான வழி ஒன்றை நாங்கள் எல்லோரும் சேர்ந்து போட்டுத் தர வேண்டும்.

அறுபத்தொரு வயதில், சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்தவள், என்னைக் கேட்க வேண்டியதில்லை. கேட்டாள். கேட்டதால் பொறுப்பு என் தலையில் வந்தது.

முதலில் செங்கேணி பேசினார். "டீச்சர், வெடியக்கால நாலு மணிக்கு ரோட்ல எறங்கிடாதீங்க. அந்த நேரத்துல நாங்க லோடு ஏத்திக்கினு தூங்கிக்கினே ஓட்டுவோம். ஆறு மணிக்கு மேல வாங்க. அப்போ டீ குடிச்சிருப்போம்."

"குவாரி ரோடு?" என்று கேட்டாள் பரிமளா.

"அந்தப் பக்கமே தல வெச்சிப் படுக்காதீங்க. உத்திரமேரூர், வந்தவாசி, திண்டிவனம். அந்த ரோடு போதும். திண்டிவனத்துல ஹைவே புடிச்சி, ஓரத்துல சர்வீஸ் ரோட்லயே போய்க்கினே இருங்க."

தினகரன் லேப்டாப்பில் ஒரு நீலக் கோடு இழுத்தான். கோடு நேராகத் தெற்கே இறங்கியது. எல்லோரும் தலையாட்டினார்கள். கோவிந்தம்மாள் காபி போட எழுந்தாள். இவர்கள் பாதுகாப்பு என்று நினைத்தது லாரியை மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் உட்காரச் சொன்னேன்.

"இந்தக் கோட்டுல நம்ம சொந்தக்காரங்க வூடு எத்தினி கீது தெரியுமா?" என்றேன். நான் எண்ணிச் சொன்னேன். திண்டிவனம் வரை பதினேழு. சாலையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும் வீடுகள் அவை. அந்த வாசல்களைத் தாண்டி எங்கள் வீட்டுப் பெண் உள்ளே போகாமல் சைக்கிளில் போனால், அடுத்த கல்யாணத்தில் எங்களுக்கு யார் முகம் கொடுத்துப் பேசுவார்கள்? உள்ளே போனால் கை நனைக்காமல் வர முடியுமா?

"நைனா, அத்தை சைக்கிள் ஓட்டப் போறாங்க. பத்திரிகை வைக்கப் போவல" என்றான் தினகரன்.

"பதினெட்டாவதா ஒண்ணு கீது" என்றேன்.

வந்தவாசி தாண்டி ஆலந்தாங்கல். என் தாய்மாமன் மகன் கச்சபேசனின் ஊர். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன், அவன் வீட்டுக் காதுகுத்தில் நான் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டு உப்பும் வைத்தாகிவிட்டது. அப்போது செங்கல்பட்டுச் சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். கச்சபேசன் என் தோளைத் தொட்டு, "மச்சான், நீ ரெண்டாவது பந்தியில உக்காரேன்" என்றான். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஊர்த் தண்ணீர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் பட்டதில்லை. அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட நாங்கள் ஏறுவதில்லை.

"அந்த ரூட்டுல இருவது வருசம் டூட்டி பாத்தவன் நானு. உன்னால நான் ஒரு சோடா குடிச்சதில்ல" என்றான் வேதகிரி.

ஆக முடிவு இது. சொந்தக்காரர் வீடு வந்தால் நின்று, உள்ளே போய், சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். ஆலந்தாங்கலைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். பரிமளா என்னை உற்றுப் பார்த்தாள். மைதானத்தில் விசில் ஊதுவதற்கு முன் பார்க்கும் பார்வை அது. பிறகு, "சரிண்ணா. அடுத்த ஞாயித்துக்கெழம ஓட்டிப் பாக்கறேன்" என்றாள்.

அந்த ஞாயிறு காலை ஆறே காலுக்கு வெள்ளோட்டம் தொடங்கியது. வந்தவாசி போய்த் திரும்பி வருவதாகத் திட்டம். நாலாவது கிலோமீட்டரில் என் பெரியப்பா மருமகள் வீடு: இட்லி, வடைகறி. ஏழாவதில் கோவிந்தம்மாளின் சித்தி மகன்: பொங்கல். ஒன்பதாவதில் ஒரே தெருவில் இரண்டு வீடு, அவர்களுக்குள் பேச்சு இல்லை, அதனால் இரண்டிலும் பூரி. பதினோராவது கிலோமீட்டரில் மத்தியானச் சாப்பாடு. அதைத் தாண்டிய வீட்டில், அங்கே சாப்பிட்டவள் இங்கே சாப்பிட மாட்டாளா என்று மறுபடியும் மத்தியானச் சாப்பாடு. உத்திரமேரூர் எல்லையைப் பார்த்துவிட்டு மாலை நாலரைக்கு வீடு திரும்பினாள்.

பின்சீட்டில் ஒரு பரங்கிக்காய். ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் புடவை வைத்த மஞ்சள் பை, மறுபக்கம் கால் கட்டிய சேவல். பரிமளா சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. இறக்கினோம்.

"எவ்ளோ தூரம்?" என்றேன்.

"பதினாலு கிலோமீட்டர். ஆறு வேளை" என்றாள். "இந்தக் கணக்குக்குக் கன்னியாகுமரி போய்ச் சேர ஒன்றரை மாசம் ஆவும்ணா. போய்ச் சேர்றது நானா இருக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே வந்தவாசிப் பக்கத்து உறவினர் ஒன்பது பேர் போன் செய்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். நான் பயந்தது சரிதான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எனவே வழியை மாற்றினேன். ஒரு சொந்தக்காரர் வாசலும் வரக் கூடாது, ஆலந்தாங்கலும் வரக் கூடாது. பொண்ணு கொடுத்த ஊர், எடுத்த ஊர், சண்டை போட்ட ஊர் எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல, தினகரன் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தான். மூன்று மணி நேரம் ஆயிற்று. செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை மூன்று பக்கமும் அம்மை போட்டது போல் சிவந்துவிட்டது. எங்கள் குடும்பம் எவ்வளவு பெரியது என்பதை அன்றுதான் நானே முழுமையாகப் பார்த்தேன். பெருமையாக இருந்தது.

மிச்சம் இருந்த வழியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. நீலக் கோடு எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கிளம்பியது. ராஜகுளம், கூரம், அரக்கோணம், திருப்பதி. அங்கிருந்து மேற்கே திரும்பி பெங்களூர். பிறகு மைசூர், கேரளா, கடலோரமாகவே இறங்கிக் கன்னியாகுமரி.

"ஆயிரத்தி நானூறு கிலோமீட்டர், நைனா. நடுவுல ரெண்டு மலை" என்றான் தினகரன்.

"யானை கூட கீதுபா அந்தப் பக்கம்" என்றான் வேதகிரி.

"யானை நமக்குச் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல" என்றேன்.

பரிமளா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். கோட்டின் மேல் விரலை வைத்து திருப்பதி வரை போனாள். அதற்கு மேல் போகவில்லை.

"என் முட்டி எழுநூறு கிலோமீட்டருக்குத்தான் கீதுண்ணா" என்றாள். "பரவால்ல. நான் போவல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். மறுநாள் காலை முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வேதாவுக்குக் கொடுத்துவிடப் போவதாகவும், கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். இரண்டு மணி நேரம் தேய்த்தாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அவள் தேய்த்து முடிப்பதற்குள் வேதகிரி வந்து, உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் பேனர் வைத்திருக்கிறார்கள் என்றான். பரிமளாவின் பழைய மாணவிகள் வைத்தது. குமரி முனை வரை சைக்கிளில் செல்லும் எங்கள் டீச்சர் என்று எழுதி, அவளுடைய படம் பெரியதாக. கீழே வட்டத்துக்குள் என் படம்.

"உன் பேருக்குக் கீழ 'வழியனுப்பி வைப்பவர்'னு போட்டுக்கீறாங்க" என்றான் வேதகிரி. "வழியே இல்லாம எப்பிடி அனுப்புவாருன்னு டீக்கடையில கேக்கறானுங்க."

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். கோவிந்தம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "இன்னாங்க, உங்க அம்மா ஒண்ணு சொல்வாங்க. வூட்டுக்குப் பெரியவரு போய் கை நனைச்சிட்டா அந்த வாசலுக்கு மரியாத முடிஞ்சிதாம். பின்னால சின்னவங்க ரோட்டோட போனாலும் கொறை இல்லயாம்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"மொதல்ல காபி போடப் போனேன். நீங்கதான் உக்காரச் சொன்னீங்க."

விதி இருக்கிறது, நான்தான் மறந்திருந்தேன். பதினேழு வீட்டிலும் பரிமளாவுக்குப் பதில் நான் சாப்பிட வேண்டும். சைக்கிள் போகும்போது வாசலுக்கு நேராக மூன்று முறை மணி அடித்தால் போதும். செங்கேணியின் வழி அப்படியே நிற்கும். நான் முற்றத்துக்குப் போய்ப் பரிமளாவிடம் சொன்னேன். அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"ஆலந்தாங்கல்?" என்றாள்.

"அதையும் பாத்துக்கறேன்."

"உனக்காகச் சுத்திப் போவ மாட்டேன். அதே நேரம், உன்னக் கேட்டுட்டு உனக்குத் தெரியாம தாண்டவும் மாட்டேன். அந்த ஊர் எல்லைக்கல்லுல நிப்பேன். நீ சாப்ட்டேன்னு சொன்னா தாண்டுவேன். இல்லன்னா திரும்பி வந்துடுவேன்."

பொங்கலுக்கு முன்பும் பின்புமாக ஆறு நாள் சாப்பிட்டேன். மஞ்சள் பையில் செரிமான மாத்திரையும் துண்டும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஒரு நாளைக்கு மூன்று வீடு, கடைசி நாள் இரண்டு. போகும் இடத்தில் விஷயத்தைச் சொன்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. இதுதான் முறை என்றார்கள். தெள்ளாறுப் பக்கம் ஒரு வீட்டில், பரிமளாவின் பங்கு என்று இன்னொரு இலை போட்டு அதையும் என் முன் தள்ளினார்கள். ஆலந்தாங்கலை மட்டும் நாளை நாளை என்று தள்ளி, கிளம்பும் நாளே வந்துவிட்டது.

அன்று காலை ஆறு மணிக்குப் பரிமளா கிளம்பினாள். செங்கேணி தன் லாரியை ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று கையசைத்தார். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். சைக்கிளில் பாரம் கூடாது என்று பை என்னிடம் இருந்தது. பையின் மேல் பரிமளா என்று மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது. ஆலந்தாங்கலில் நான் இறங்கும்போது மணி பத்து.

கச்சபேசன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தான். ஒரு கடலையை உரித்து வாயில் போட்டு, மென்று முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"இன்னா மச்சான். பஸ்ஸு மாறி ஏறிட்டியா?"

"சாப்புட வந்தேன்."

"முப்பத்திநாலு வருசமா பசிக்கலியா உனக்கு?"

நான் காரணத்தைச் சொன்னேன். பதினேழு வீடு, மணி, எல்லைக்கல், முட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே பார்த்து, "செல்லம்மா, ஏகாம்பரம் வந்துக்கினு கீறான். சோறு கீதா?" என்றான்.

அவன் மனைவி செல்லம்மாள் வெளியே வந்து என்னைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வாங்கண்ணா. மணி பத்து. நாஷ்டா முடிஞ்சிபோச்சி, சோறு இனிமேதான்" என்றாள்.

"பழையது இருந்தா போதும்" என்றேன். என் வாயால் இதைச் சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை.

"அதத் தின்னுட்டு நாளைக்கு ஊர்ல போய், கச்சபேசன் பழையது போட்டான்னு சொல்லுவ" என்றான் அவன். "உக்காரு. வடை, பாயசத்தோடதான்."

உலை வைத்தார்கள். பருப்பு ஊற வேண்டும் என்றாள் செல்லம்மாள். பத்தே முக்காலுக்குப் பரிமளா போன் செய்தாள்.

"எல்லைக்கல்லுக்கு வந்துட்டேன். ஆச்சா?"

"பருப்பு ஊறிக்கினு கீது."

"நின்னா முட்டி பிடிச்சிக்கும்ணா."

"உக்காரு."

"உக்காந்தா எழுந்துக்க முடியாது. கல்லச் சுத்திச் சுத்தி ஓட்டிக்கினு கீறேன். ஊரே வந்து வேடிக்கை பாக்குது."

பதினொன்றரைக்கு இலை போட்டார்கள். ஒரே இலை. கச்சபேசன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "ஒத்த இலை எப்பிடிப் பந்தி ஆவும்? நாளைக்கு இவனே அது பந்தி இல்லன்னு சொல்லுவான்" என்றான். சொல்லியிருப்பேன். ஆட்களைக் கூட்டிவரப் போனான். ஊரில் ஆள் இல்லை, எல்லோரும் எல்லைக்கல்லில் பரிமளாவைப் பார்க்கப் போயிருந்தார்கள். அங்கேயிருந்து பதினோரு பேரை அழைத்து வந்தான். எதற்கு என்று தெரியாமலே கை கழுவிவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் நான். கடைசியில் உட்கார்ந்தவர் பக்கத்து ஆளிடம், "கருமாதியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

கச்சபேசன் வெளியே போய்ச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தான். "வேன் எதுவும் வரல" என்றான். பிறகு குனிந்து, என் இலையில் முதலில் உப்பு வைத்தான்.

நான் அந்த உப்பைப் பார்த்தேன். ஆறு நாளாக நிறைந்த வயிறு. தொண்டை வரை போன மாதச் சாப்பாடே நிற்பது போல் இருந்தது. ஆனால் எல்லைக்கல்லில் ஒருத்தி ஒன்றரைக் காலோடு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டேன். சாம்பார், ரசம், மோர், இரண்டு வடை, பாயசம். இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. உப்பையும்.

இடது கையால் போனை எடுத்தேன். "ஆச்சி. வா."

பந்தியில் இருந்த பன்னிரண்டு பேரும் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தோம். சைக்கிள் வந்தது. வாசலுக்கு நேராக மூன்று முறை மணி அடித்தாள். கச்சபேசன் கையைத் தூக்கி, "பரிமளா, ஒரு வாய் தண்ணியாவது" என்று ஆரம்பித்தான்.

"அவள நிறுத்தாத. நின்னா அவளும் சாப்புடணும்" என்றேன்.

"போறியாம்மா? போ, போ" என்றான் அவன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மிதித்துக்கொண்டே போனாள். வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் உட்கார்ந்தவர், "இப்ப யாரு செத்தது?" என்று என்னையே கேட்டார்.

திண்டிவனத்தில் அவளிடம் பையைக் கொடுத்தேன். அதற்குத் தெற்கே ஹைவே ஓரத்தில் எங்களுக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. அங்கே அவள் தன் பாட்டுக்குப் போகலாம். எட்டாவது நாள் மாலை கடலுக்கு முன்னால் சைக்கிளோடு நின்று படம் அனுப்பினாள். மாசியில் முட்டியை மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கச்சபேசனும் செல்லம்மாளும் வந்தார்கள். அவனுக்கு நான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்ற பேச்சு எழவில்லை, கேன்டீனில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

இப்போது உத்திரமேரூர் டீக்கடைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. பரிமளா திண்டிவனம் வரை பஸ்ஸில் போய்விட்டு அங்கிருந்துதான் சைக்கிள் ஏறினாள், அவள் பெயர் எழுதிய பையைப் பஸ்ஸில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். அது தவறு. பஸ்ஸில் போனது நான்.